ராமானுஜன் உடல் உருகியது எப்படி? கேம்பிரிட்ஜ் குளிர், ஒருவேளை சோறு, ஓயாத வேலை... கணித மேதையின் மறுபக்கம்

1910-ம் ஆண்டின் பிற்பகுதி. கும்பகோணத்திலிருந்து வந்த ரயிலில் இருந்து விழுப்புரத்தில் ஓர் இளைஞர் இறங்குகிறார். குட்டையான உருவம், பருத்த உடம்பு. கையில் கணக்குகள் நிரம்பிய நோட்டு. அங்கிருந்து திருக்கோவிலூருக்கு வேறு ரயில் பிடிக்க வேண்டும். அந்த ஊரில் துணை கலெக்டராக இருக்கும் வி.ராமசாமி ஐயரைப் பார்த்து ஒரு சாதாரண குமாஸ்தா வேலை கேட்பதுதான் பயணத்தின் நோக்கம். அந்த இளைஞர், சீனிவாச ராமானுஜன்.

வில்லியனூர், திருக்கனூர், காட்டேரிக்குப்பம் பக்கத்து ஆட்களுக்கு விழுப்புரம் ஜங்ஷன் இன்றைக்கும் வெளியுலகத்துக்கான வாசல். கரும்பும் நெல்லும் விளையும் இந்தக் கிராமங்களில் இருந்து படிப்புக்கும் வேலைக்கும் எத்தனையோ பிள்ளைகள் இந்த ஸ்டேஷன் வழியாகத்தான் போகிறார்கள். போன பிள்ளைக்கு வீட்டிலிருந்து போன் வந்தால் முதலில் கேட்பது சாப்பிட்டாயா என்று, அடுத்தது தூங்கினாயா என்று. ராமானுஜன் கடல் கடந்து போனபோது அப்படித் தினமும் கேட்க வழியில்லை.

விழுப்புரத்தில் ரயில் மாறிய அந்தப் பருத்த இளைஞர், பத்தே ஆண்டுகளில், 1920 ஏப்ரல் 26-ம் தேதி சென்னையில் எலும்பும் தோலுமாக இறந்துபோனார். வயது 32. இடையில் அவருடைய உடம்புக்கும் மனதுக்கும் என்ன நடந்தது? விரிவாகப் பார்ப்போம்.

கையில் உருட்டி வைத்த சோறு

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தவர் ராமானுஜன். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். அப்பா துணிக்கடையில் கணக்கர். வீட்டை நடத்தியது அம்மா கோமளத்தம்மாள்தான்.

சின்ன வயதிலிருந்தே ராமானுஜனுக்கு விளையாட்டில் நாட்டமில்லை. குண்டான பையன். யாராவது சண்டைக்கு வந்தால் மேலே விழுந்தாலே போதும், நசுங்கிவிடுவான் என்று வேடிக்கையாகச் சொல்வாராம். தெருவில் மற்ற பிள்ளைகள் ஓடியாடும்போது இவர் திண்ணையில் சிலேட்டும் பலப்பமுமாக உட்கார்ந்திருப்பார்.

கணக்கில் மூழ்கிவிட்டால் சாப்பாடு மறந்துபோகும். அதனால் அம்மாவோ பாட்டியோ சோற்றைப் பிசைந்து, உருட்டி, அவர் கையில் வைத்துவிடுவார்கள். அவர் பாட்டுக்கு யோசித்துக்கொண்டே சாப்பிடுவார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்குள் ஒரு சிக்கலும் இருந்தது. பசி, தூக்கம், நேரம் இதையெல்லாம் அவருக்காக வேறொருவர் பார்த்துக்கொண்டார். அவராகப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் வரவே இல்லை.

மன அழுத்தமும் கேம்பிரிட்ஜில்தான் ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டதால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை பறிபோனது. 1905-ல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. அந்தச் சமயத்தில் கடுமையான சீதபேதி வந்து ஊர் திரும்பினார். இந்தச் சீதபேதியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1909-ல் ஜானகியுடன் திருமணம். ஜானகிக்கு அப்போது வயது பத்து. திருக்கோவிலூரில் ராமசாமி ஐயர் வேலை தரவில்லை. இந்த மூளையைத் தாலுகா ஆபீசில் முடக்கக் கூடாது என்று நினைத்து, சென்னைக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் உதவி. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜி.எச்.ஹார்டிக்கு அந்தப் புகழ்பெற்ற கடிதம். 1914 மார்ச் 17-ல் சென்னையிலிருந்து நெவாசா கப்பலில் லண்டன் பயணம். இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ட்ரினிட்டி அறையில் ஒரு அடுப்பு

போய் நான்கு மாதம்கூட ஆகவில்லை, முதல் உலகப்போர் வெடித்தது.

ராமானுஜன் கறாரான சைவம். கல்லூரி உணவுக்கூடத்தில் காய்கறியை எந்தக் கொழுப்பில் வதக்குகிறார்கள் என்ற சந்தேகத்தில் அங்கே சாப்பிடுவதையே தவிர்த்தார். அறையிலேயே அடுப்பு வைத்துத் தானே சமைத்தார். புளி, அரிசி, மசாலா சாமான்கள் ஊரிலிருந்து வர வேண்டும். போர் வந்ததும் கப்பல் போக்குவரத்து தடுமாறியது. இங்கிலாந்திலேயே பால், காய்கறிக்குத் தட்டுப்பாடு. ஒரு கட்டத்தில், நாக்கை அடக்கிவிட்டேன், சோறும் உப்பும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் இருந்தால் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓட்டிவிடுவேன் என்ற பொருளில் ஊருக்குக் கடிதம் எழுதினார். வீட்டில் கவலைப்படக் கூடாது என்று எழுதியதாக இருக்கலாம். ஆனால் உண்மையிலேயே அப்படித்தான் ஓட்டினார்.

சமையலுக்கு நேரமும் கிடையாது. சில சமயம் 30 மணி நேரம் ஒரே மூச்சாக வேலை, அப்புறம் 20 மணி நேரம் தூக்கம். நாளுக்கு ஒரு வேளை சாப்பாடு, அதுவும் விடியற்காலையில். இப்போது நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு இந்த வாழ்க்கை ரொம்பப் பழக்கமானதாகத் தெரியும்.

தூக்கமும் நல்ல தூக்கமில்லை. பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜ் மாணவர். ஒருநாள் ராமானுஜன் அறைக்குப் போனவருக்கு, ராமானுஜன் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு குளிரில் நடுங்கியபடி தூங்குவது தெரியவந்தது. கட்டிலில் போர்வைகள் இருந்தன. ஆனால் அவை மெத்தையோடு சேர்த்துச் செருகி வைக்கப்பட்டிருந்தன. அதை விலக்கிவிட்டு உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மகலனோபிஸ்தான் செய்து காட்டினார்.

உடற்பயிற்சி? அந்தப் பேச்சே இல்லை. இதில் ஹார்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஹார்டியும் கணக்குப் பைத்தியம்தான். ஆனால் காலையில் நாலு மணி நேரம் கணக்கு, மதியத்துக்கு மேல் டென்னிஸ் அல்லது கிரிக்கெட் என்று கட்டுப்பாடாக வாழ்ந்தவர். எழுபது வயது தொடும் வரை இருந்தார். இருவரும் ஒரே கட்டுரையில் ஒன்றாக உழைத்தார்கள், ஆனால் இரண்டு உடம்புகள் வாழ்ந்த நாள் வேறு வேறு.

ரசம் வேண்டாம் என்றதற்காக...

இந்தக் காலத்தில் நடந்த ஒரு சம்பவம், அவர் மனநிலையைச் சொல்லும். சாட்டர்ஜி என்ற இந்திய நண்பரையும் அவர் திருமணம் செய்துகொள்ளவிருந்த பெண்ணையும் ராமானுஜன் விருந்துக்கு அழைத்தார். தானே சமைத்துப் பரிமாறினார். ரசம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டவர்கள், மூன்றாவது முறை போதும் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் ஆளைக் காணோம். வீட்டை விட்டே போயிருந்தார். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து, பணம் அனுப்பும்படி ஒரு தந்தி வந்தது. சமைத்ததை அவமதித்துவிட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

சின்ன விஷயத்துக்குப் பெரிய கோபம், யாரிடமும் சொல்லாமல் காணாமல் போவது, தனிமையில் சுருங்குவது. இன்று ஒரு டாக்டரிடம் இதைச் சொன்னால், மனம் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது என்றுதான் சொல்வார்.

ஊரிலிருந்தும் ஆறுதல் இல்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. ஜானகி எழுதிய கடிதங்கள் கணவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. அவர் எழுதியவையும் ஜானகிக்கு வரவில்லை. ஏன் கடிதமே இல்லை என்ற குழப்பத்தில் ராமானுஜனும் எழுதுவதைக் குறைத்துக்கொண்டார்.

சரி, இதுக்கும் ஹார்மோனுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. பதற்றம் வந்தால் மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்பும். பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியைத் தட்டி எழுப்பும். அங்கிருந்து கார்டிசால் வெளிவரும். ஆபத்து நேரத்தில் இது நண்பன். காலையில் கூடி, இரவில் குறைவது இதன் இயல்பு. ஆனால் மாதக்கணக்கில் கவலையும் தூக்கக் கேடும் சேர்ந்தால் அந்தத் தாளம் கெட்டுப்போகும். தூக்கம் இன்னும் கெடும், பசி மாறும், நோய் எதிர்ப்பு சக்தி தளரும், மனச்சோர்வு கூடும்.

இதோடு சாப்பாடும் குறைந்தால்? உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்ளும். செலவைக் குறைக்க, தைராய்டு ஹார்மோனின் வேகத்தைக் குறைக்கும். இனப்பெருக்க ஹார்மோன்களையும் ஒதுக்கி வைக்கும். கடுமையாகப் பட்டினி கிடந்து டயட் இருக்கும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது இதனால்தான். பட்டினியே உடம்புக்கு ஒரு மன அழுத்தம் என்பதால், கார்டிசாலும் சேர்ந்து ஏறும்.

அடுத்தது வைட்டமின் டி. பெயர்தான் வைட்டமின், வேலை செய்வது ஹார்மோன் மாதிரி. வெயில் பட்டுத் தோலில் உருவாகி, கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றம் அடைந்து, எலும்பு, தசை, நோய் எதிர்ப்பு என்று பல இடங்களில் கட்டளை போடும். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. பிரிட்டனிலோ அக்டோபர் முதல் மார்ச் வரை இதை உருவாக்கத் தேவையான கதிர் போதுமான அளவு கிடைக்காது. கறுத்த தோலுக்கு இன்னும் அதிக வெயில் வேண்டும். அதனால்தான் இன்று அந்நாட்டுச் சுகாதாரத் துறை, குளிர்காலத்தில் எல்லோரும் தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. கறுத்த தோல் உள்ளவர்களும் வெளியே போகாதவர்களும் ஆண்டு முழுக்க யோசிக்கச் சொல்கிறது. மீனிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் கொஞ்சம் கிடைக்கும். ராமானுஜன் இரண்டையும் தொடமாட்டார். வெளியே நடக்கவும் போகமாட்டார். சைவ உணவில் பி12 சத்துக்கு இருக்கும் முக்கிய வழி பாலும் தயிரும். போர்க்காலத்தில் அதுவும் சுருங்கியது. பி12 குறைந்தால் சோர்வு, மறதி, மனச்சோர்வு வரலாம்.

நடப்பதும் ஓடுவதும் வெறும் எடை குறைக்கும் வழி இல்லை. தசை அசையும்போது இன்சுலின் நன்றாக வேலை செய்யும், இரவில் தூக்கம் ஆழமாகும், மனச்சோர்வு குறையும். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மூன்றும் தனித்தனியாகக் கெடுவதில்லை. கவலையால் தூக்கம் போகும். தூக்கம் போனால் பசி போகும். சாப்பிடாதவருக்கு நடக்கத் தெம்பு இருக்காது. அறையிலேயே கிடந்தால் கவலை கூடும். ஒன்றைச் சரிசெய்யப் போனால் மற்ற இரண்டும் இழுத்துப் பிடிக்கும். திருக்குறளில் மருந்து என்ற அதிகாரத்தைப் புரட்டிப் பார்த்தால், அதில் பாதிக்கு மேல் சாப்பிடும் முறையைப் பற்றித்தான் இருக்கும். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அது யாருக்கும் தோன்றியிருக்காது.

ராமானுஜனின் டாக்டர்களையும் குறை சொல்ல முடியாது. ஹார்மோன் என்ற சொல்லே 1905-ல்தான் மருத்துவத்துக்கு வந்தது. வைட்டமின் டி-க்குப் பெயர் வைத்தது 1922-ல். மன அழுத்தம் உடம்பை என்ன செய்யும் என்று ஹான்ஸ் செல்யே எழுதியது 1936-ல். பி12 பிரித்தெடுக்கப்பட்டது 1948-ல். எல்லாமே ராமானுஜனுக்கு முன்போ பின்போ, அவருக்கு உதவாத தூரத்தில்.

ஒரு நோயாளி, பல பெயர்கள்

1917 வசந்த காலத்தில் படுக்கையில் விழுந்தார். முதலில் கேம்பிரிட்ஜில் ஒரு நர்சிங் ஹோம். பிறகு மெண்டிப் மலையில், மேட்லாக்கில், லண்டனில் என்று ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி. வயிற்றுப்புண் என்றார்கள், புற்றுநோயோ என்று சந்தேகப்பட்டார்கள், கடைசியில் காசநோய் என்று முடிவு கட்டினார்கள்.

காசநோய்க்கு அப்போதைய சிகிச்சை, திறந்தவெளிக் காற்று. ஜன்னலைத் திறந்து வைத்து நோயாளியைக் குளிரில் படுக்க வைப்பது. கும்பகோணத்துக்காரருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குளியலறை மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறது, பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் அங்கே போய் உட்காரப் போகிறேன் என்று ஹார்டிக்கு எழுதினார்.

சாப்பாட்டுச் சண்டையும் ஓயவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்ததை அவரால் சாப்பிட முடியவில்லை. மேட்லாக்கில் போய்ப் பார்த்த ராமலிங்கம் என்ற தமிழ் இன்ஜினியர் பதறிப்போய் ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். பாதி குற்றம் சமையலில், பாதி குற்றம் நோயாளியின் பிடிவாதத்தில் என்பதுதான் அன்று பார்த்தவர்களின் எண்ணம். பிடிவாதம் உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும் இழந்த ஒருவருக்கு, தட்டில் என்ன விழ வேண்டும் என்பது மட்டும்தான் தன் கையில் மிச்சம் இருந்தது என்றும் இதைப் பார்க்கலாம்.

1917 அக்டோபரில் ட்ரினிட்டி கல்லூரி ஃபெல்லோ பதவிக்கு அவர் பெயர் நிராகரிக்கப்பட்டது. அடுத்த சில மாதங்களில், 1918 தொடக்கத்தில், லண்டன் சுரங்க ரயில் பாதையில் உயிரை விட முயன்றார். ஊழியர் ஒருவர் பார்த்துவிட்டதால் ரயில் சில அடி தூரத்தில் நின்றது. கால்களில் காயத்தோடு பிழைத்தார். தற்கொலை முயற்சி அன்று அங்கே குற்றம். ஹார்டிதான் போலீசிடம் பேசி மீட்டு வந்தார். பல ஆண்டுகள் ரகசியமாக இருந்த இந்தச் செய்தி, வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் மூலமாகப் பின்னாளில் வெளியே வந்தது.

(மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ வந்தால் தயங்காமல் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண்: 14416. தமிழிலும் 24 மணி நேரமும் பேசலாம்.)

கூடிய ஆறு கிலோ

அதன்பிறகு நடந்தது கவனிக்க வேண்டிய ஒன்று. 1918 மே மாதம் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். 30 வயதில் எஃப்.ஆர்.எஸ். அக்டோபரில் ட்ரினிட்டியும் இறங்கி வந்து ஃபெல்லோ பதவி கொடுத்தது, ஆண்டுக்கு 250 பவுண்டோடு. பெரிய பெரிய தேற்றங்கள் மறுபடி வரத் தொடங்கின. பட்னி ஆஸ்பத்திரியில் ஹார்டி வந்த டாக்ஸியின் 1729 என்ற எண்ணை ராமானுஜன் உலகப்புகழ் ஆக்கியதும் இந்தக் கட்டத்தைச் சேர்ந்ததுதான். நவம்பரில் ஹார்டி சென்னைக்கு எழுதிய கடிதத்தில், காய்ச்சல் ஏற்ற இறக்கம் நின்றுவிட்டது, எடை கிட்டத்தட்ட ஒரு ஸ்டோன், அதாவது ஆறு கிலோவுக்கு மேல் கூடியிருக்கிறது என்ற நல்ல செய்தி இருந்தது.

பாராட்டால் எடை கூடியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நோயே ஏறி இறங்கும் இயல்புடையதாக இருந்திருக்கலாம். ஆனாலும் மனம் கொஞ்சம் நிமிர்ந்த அதே மாதங்களில் உடம்பும் நிமிர்ந்தது என்பது பதிவாகியிருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1994-ல் டி.ஏ.பி.யங் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், பழைய குறிப்புகளை எல்லாம் அலசி, ராமானுஜனுக்கு இருந்தது காசநோய் அல்ல, கல்லீரலைத் தாக்கும் அமீபா தொற்றாக இருக்கவே அதிக வாய்ப்பு என்றார். பச்சையப்பன் கல்லூரிக் காலத்துச் சீதபேதியை ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்குத்தான். அந்தக் கிருமி குடலில் இருந்து கல்லீரலுக்குப் போய் ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருக்கக் கூடியது. எமெட்டின் என்ற மருந்து அப்போதே புழக்கத்தில் இருந்தது. இது சரியென்றால், சோறும் குளிரும் கவலையும் மட்டும் அவரைக் கொல்லவில்லை. கொல்லும் நோயோடு மோத உடம்பில் தெம்பு இல்லாமல் செய்துவிட்டன. மெலிந்து, மனம் உடைந்து, சாப்பாட்டோடு மல்லுக்கட்டும் நோயாளியைப் பார்த்த டாக்டர்களுக்கு, கல்லீரல் பக்கம் கண் போகவே இல்லை.

ஜானகியின் இரண்டு பாத்திரங்கள்

1919 மார்ச் 27-ல் நாகோயா கப்பலில் பம்பாய் வந்து இறங்கினார். ஊருக்கு வந்ததும் தேறிவிடுவார் என்று எல்லோரும் நம்பினார்கள். வெயில் இருந்தது, வீட்டுச் சாப்பாடு இருந்தது. ஆனால் காலம் கடந்திருந்தது. சென்னை, காவிரிக் கரையில் கொடுமுடி, கும்பகோணம், மறுபடி சென்னை சேத்துப்பட்டு என்று இடம் மாற்றினார்கள். வலியும் காய்ச்சலும் கூடவே வந்தன. எரிச்சலும் கோபமும் குறையவில்லை.

ஆனால் அவர் உண்மையில் ஜானகியோடு வாழ்ந்தது இந்த ஓராண்டுதான். அப்போது ஜானகிக்கு வயது இருபதுதான். நேரம் தவறாமல் சோறு, எலுமிச்சைச் சாறு, மோர் கொடுத்தார். கேம்பிரிட்ஜ் அறையில் சாப்பிட்டதற்கும் இதற்கும் சாமான்களில் பெரிய வித்தியாசம் இல்லை. கொடுக்க ஒரு ஆள் இருந்தார், அதுதான் வித்தியாசம். வலி வந்தால் வெந்நீர் வைத்து ஒத்தடம். படுக்கையில் சாய்ந்தபடி ராமானுஜன் காகிதம் கேட்டுக்கொண்டே இருப்பார். மாக் தீட்டா சார்புகள் என்று இன்றும் ஆராயப்படும் கணிதம் அந்தப் படுக்கையில் எழுதப்பட்டது. 1920 ஜனவரி 12-ல் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதமும் அதைப் பற்றித்தான். சாவதற்குச் சில நாள் முன்பு வரை பேனா நிற்கவில்லை.

ஜானகி அதன்பிறகு எழுபது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து தன்னைப் பார்த்துக்கொண்டார். 1994-ல் மறைந்தார். கணவரின் ஒத்தடத்துக்கு வெந்நீர் காய்ச்சிய இரண்டு பாத்திரங்களை முதுமை வரை தன்னிடமே பத்திரமாக வைத்திருந்தார்.